ஈரக்கை படக்கூடாது

கரகந்தா,
செப்டம்பர் கடைசி.

என் பொன்தோடே,

உன் அண்ணி கம்ஷாத் எழுதுகிறேன். கடற்காற்றில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் நிலக்கரிப் புகையில் இருமிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அத்தை உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார். உன் அண்ணன் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. அவர் எப்போது என்ன சொல்லியிருக்கிறார்.

அண்ணி ஏன் உன்னைப் பெயர் சொல்லி எழுதுவதே இல்லை என்று உன் துருக்கிக்காரர் கேட்டாராமே. கணவன் வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள், எங்கள் கசாக்குகளின் வழக்கம் அது என்று அவருக்கு விளக்கிச் சொல். நான் கல்யாணமாகி இந்த வீட்டுப் படி ஏறியபோது நீ பள்ளிக்கூடத்துப் பெண். உன் அம்மாவின் தங்கத் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, கதவோரம் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாய். அன்றைக்கு வைத்த பெயர்தான் இது. கோபம் வந்தாலும் இந்தப் பெயரில்தான் உன்னைத் திட்டுகிறேன், கவலைப்படாதே.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. இஸ்தான்புல்லிலிருந்து தோல் சட்டை கொண்டுவந்து சந்தையில் விற்கிறாளே குல்பாஷ், அவள்தான் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாத்தனா என்ன, கல்லையா அனுப்புறா? எனக்குச் சமாதி கட்டவா?" என்றாள். பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் கொடுத்து ஆற்றினேன். பவுர்சாக் தட்டைக் கண்டால் அவளுக்கு எந்த வலியும் பறந்துவிடும்.

பிரித்துப் பார்த்தோம். பன்னிரண்டு டைல்ஸ். தரையில் சேர்த்து வைத்ததும் ஒரு கட்டு சிவப்புத் துலிப் பூ, ஆள் உயரத்தில் பாதி. அழகாகத்தான் இருக்கிறது, வஞ்சகமில்லாமல் சொல்கிறேன். ஒன்றில் மட்டும் மூலை பெயர்ந்திருந்தது, ஒட்டிவிட்டேன். அத்தை முழங்கால் வலியை மறந்து தரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு இதழாக விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். சூளையில் சுட்டால் செலவு அதிகம் என்பதால் சும்மா சாயத்தில் வரைந்து வார்னிஷ் அடித்திருக்கிறாய், அதனால் ஈரக்கை படக்கூடாது, நீராவி தங்கக்கூடாது, காய்ந்த துணியால்தான் துடைக்கவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் அத்தை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரம் படக்கூடாத சாமானைக் குளியலறைக்கு அனுப்ப உன்னைத் தவிர யாருக்குத் தோன்றும்.

கோபித்துக்கொள்ளாதே. உன் கை சும்மா இருக்காத கை என்று எனக்குத் தெரியாதா. முதலில் மெழுகுவத்தி செய்தாய். மின்சாரம் போனபோது ஏற்றினோம் என்று எழுதியதற்கு, அது பார்க்கிறதுக்கு அண்ணி, எரிக்கிறதுக்கு இல்லை என்றாய். பிறகு மணி கோத்த திரை. அதில் உன் அண்ணனின் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டு அறுந்தது. பிறகு கழிவறைக் காகிதச் சுருளுக்குப் பாவாடை போட்ட பொம்மை. இப்போது இஸ்மிரில் சீமாட்டிகளோடு உட்கார்ந்து டைல்ஸ் ஓவியம். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பேருக்குக் கூழ் கிண்டிவிட்டு வந்து நானும்தான் துண்டுத்துணி ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிறேன். ஆனால் அதைப் போர்த்திக்கொள்ளலாம்.

சரி, வேலை விஷயம். நீ அனுப்பிய பணம்தான் சிமெண்டும் குழாயும் ஆயிற்று, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆள் வைக்கக் கட்டாது என்று நாங்களே செய்கிறோம். இரும்புக் குளியல் தொட்டியை உன் அண்ணனும் பக்கத்து வீட்டு ஆட்களும் கயிறு கட்டி இறக்கினார்கள். படிக்கட்டுச் சுவரெல்லாம் காயம். இந்தத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி அத்தையால் கால் தூக்கி வைக்க முடியவில்லை என்றுதானே இந்த வேலையே ஆரம்பித்தது. அது இருந்த இடத்தில் செங்கல் வைத்துத் தாழ்வாக ஒரு மேடை கட்டுகிறோம், மேலே டைல்ஸ். சுவருக்குச் சந்தையில் கழிவு டைல்ஸ் வாங்கினேன். எல்லாம் வெள்ளைதான், ஆனால் ஒரு வெள்ளை மாதிரி இன்னொரு வெள்ளை இல்லை.

இந்த முழு வேலையிலும் அத்தை தனக்காகக் கேட்டது ஒன்றே ஒன்று. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் கழுவ வேண்டுமே, அவருக்கு இப்போதெல்லாம் கால் நடுங்குகிறது. நான் உட்கார ஒரு முக்காலி போட்டிருக்கிறேன், ஆனாலும் எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும். உன் அண்ணன் பணிமனையில் கழித்துப்போட்ட பேருந்திலிருந்து கைப்பிடிக் கம்பி ஒன்றைக் கழற்றி வந்திருக்கிறார். எத்தனை ஆயிரம் பேர் தொங்கிய கம்பி, இன்னும் வளையவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "தினமும் பஸ்ல போற மாதிரி இருக்கும். டிக்கெட் கேக்காம இருந்தாச் சரி" என்றார்.

ஒரே சிக்கல். நம் குளியலறையில் ஒரு சுவர்தான் கெட்டியான சுவர், மற்றதெல்லாம் தட்டினால் டமடமவென்று கேட்கிற பலகைச் சுவர், கம்பி தாங்காது. அந்தக் கெட்டிச் சுவரில்தான், கதவைத் திறந்ததும் முகத்துக்கு நேரே தெரிகிற மாதிரி உன் பூவைப் பதிக்கச் சொல்லியிருக்கிறாய். கம்பி வைத்தால் பூவின் குறுக்கே நாலு ஓட்டை விழும். பூவை வேறு இடத்துக்கு மாற்றட்டுமா, அல்லது குறுக்கே கம்பி போகட்டுமா என்று நீயே சொல். உன்னைக் கேட்காமல் உன் அண்ணன் ஆணி அடிக்கமாட்டார். தெருவில் தொலைபேசிக் கம்பியைச் செம்புக்காக மறுபடியும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் கூப்பிட்டுப் பார்க்காதே, எழுது.

மாப்பிள்ளைக்கு என் சலாம். உன் வயிற்றில் சீக்கிரம் ஒரு பூ பூக்கட்டும், அதை வார்னிஷ் அடிக்காமல் வளர்.

உன் அண்ணி,
கம்ஷாத்


கரகந்தா,
அக்டோபர் கடைசி.

என் பொன்தோடே,

உன் பதில் கிடைத்தது. அத்தையின் கண்ணுக்குச் சொட்டுமருந்து கேட்டு எழுதியதற்கு நாலு மாதம் ஆனது. கம்பி என்றதும் அடுத்த விமானத்தில் பதில் வருகிறது. குல்பாஷ்கூட அதிசயப்பட்டாள்.

எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், ஒரு சொல் விடாமல். "அண்ணி, ரசனைன்னு ஒண்ணு இருக்கு. அது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டிருந்தாயே, அதையும். "அம்மாவுக்கு அப்படி என்ன வயசாயிடுச்சு, நீங்கதான் கம்பி குடுத்துக் கிழவியாக்குறீங்க" என்று கேட்டிருந்தாயே, அதையும். வாசித்து முடித்துவிட்டு உன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் கம்பியை எடுத்துக்கொண்டு போய் பால்கனியில் முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய வீரம் அவ்வளவுதான்.

நான் அத்தையிடம் சண்டை போட்டேன். உங்களுக்கு வேண்டும் என்று நீங்களே ஒரு வார்த்தை எழுதுங்கள் என்றேன். அவர் உன் பக்கம் சாய்ந்துவிட்டார். "எம் மக கையால வரைஞ்சது, அதுல போய் ஓட்டை போடுவாங்களா? நான் என்ன, நாளைக்கே விழுந்துடப் போறேனா?" என்றார். உன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், உன் அம்மாவை மயக்குகிற வித்தை உனக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பக்கத்தில் இருந்து நகம் வெட்டிவிடுகிறவளுக்கு அது வரவில்லை.

பூவைப் பதித்துவிட்டேன். சிமெண்டு பூசியது, மட்டம் பார்த்தது, வெள்ளைச் சிமெண்டால் இடுக்கு அடைத்தது எல்லாம் நான்தான். விரல் நுனியெல்லாம் வெந்துபோயிற்று. பூ கோணாமல் நேராக நிற்கிறது, நீ வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்.

புதுசாக ஒன்றைப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது பரிசு கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கமாயிற்றே, அந்தச் சாக்கில் ஊரே வந்துவிட்டது. துண்டும் சோப்பும் குவிந்து கிடக்கின்றன. கிராமத்திலிருந்து உன் பெரியப்பா ஒரு கிடாக்குட்டியையே காரில் ஏற்றி வந்தார். உள்ளே போய்விட்டு வெளியே வந்து, "இவ்வளவு அழகா இருந்தா மனுஷனுக்கு எப்படி வரும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அத்தை கதவருகிலேயே காவல் நின்றார். கீழ்வீட்டு எர்னா கை கழுவிவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று பூவைத் தொடப்போனாள். அத்தை, "கை, கை" என்று கத்தினார். அந்த ஜெர்மன்காரி பயந்துபோய், "ஏன், கரண்ட் அடிக்குமா?" என்று கேட்டாள். 

நீ கேட்ட படங்கள் இத்துடன் இருக்கின்றன. படத்தில் முக்காலி இல்லையே என்று பார்க்காதே. நான் எடுக்கவில்லை. காமிரா வருகிறது என்று தெரிந்ததும் அத்தையே அதைத் தூக்கிப் பால்கனியில் வைத்துவிட்டார். "பழைய முக்காலி, எம் மக நாலு பேர்கிட்ட காட்டுவா, அவளுக்கு வெக்கமா இருக்கும்" என்றார். நான் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். மறுநாள் மறுபடியும் பால்கனிக்குப் போய்விட்டது. அதன் காலில் மாட்டிய ரப்பர் தரையில் கறை பண்ணுகிறதாம்.

இனி சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன், கேள். முன்னெல்லாம் அத்தை அந்தச் சுவரில் கை ஊன்றித்தான் கால் கழுவுவார். பழைய நீலச் சாயம் அவர் கை பட்டுப் பட்டு அந்த இடத்தில் தேய்ந்தே போயிருந்தது, உனக்கு நினைவிருக்கும். இப்போது ஊன்றுவதில்லை. ஒற்றைக் காலில் நிற்கிறார், கை சுவரை நோக்கிப் போகிறது, பூவுக்கு இரண்டு விரல் தள்ளி அப்படியே காற்றில் நின்றுவிடுகிறது. நீராவி தங்கக்கூடாது என்று கதவையும் திறந்தே வைத்துக்கொள்கிறார், அதனால் சமையலறையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிகிறது. தினமும் விடியற்காலையில் நான் அடுப்பைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் பிடித்துக்கொள்கிறேன் என்று போனால் விரட்டுகிறார். தொழுகைக்குக் கழுவும்போது பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாதாம். சுவரைத் தொடுங்கள், போனால் சாயம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். என் பேச்சு எடுபடவில்லை. நீ சொன்னால் கேட்பார். அம்மா, சுவரில் கை வைத்துக்கொள், பரவாயில்லை என்று ஒரே ஒரு வரி உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. கம்பி வேண்டாம், காசு வேண்டாம், உன் ரசனையும் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வரி.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிற
அண்ணி கம்ஷாத்


கரகந்தா,
டிசம்பர் முதல் வாரம்.

பெருமதிப்பிற்குரிய அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி கம்ஷாத் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலமாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் கணவரும் இறைவன் அருளால் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம்.

அத்தை அவர்கள் தங்கள் பெரியப்பாவின் கிராமத்தில் ஓய்வாக இருக்கிறார்கள். அங்கே காற்று நல்ல காற்று. தங்களைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆவலாக இருக்கிறது. புது வருடத்துக்குக் கட்டாயம் வரவும். பயணச் சீட்டுக்குச் சிரமம் இருந்தால் பெரியப்பா ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். தாமதிக்க வேண்டாம். சூடான உடை எடுத்து வரவும்.

பெரியப்பாவும் தங்கள் அண்ணனும் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களும் ஆசி கூறுகிறார்கள்.

தங்கள் அன்புள்ள,
கம்ஷாத்


கரகந்தா,
ஜனவரி.

உட்கார்ந்துகொண்டு படி. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள். இல்லையென்றால் அவர் வரும்வரை மடித்து வை.

உன் பதில் நேற்று வந்தது. புது வருடத்துக்கு வர இயலவில்லை, பிப்ரவரியில் உங்கள் வகுப்பின் கண்காட்சி, அதில் உன் பெயரில் தனி மேசை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதற்கு ஒரு படம் வேண்டும், பூவுக்கு முன்னால் அம்மாவை அந்த வெல்வெட் மேல்சட்டை போட்டு, வெள்ளைத் தலைத்துணி கட்டி நிற்க வைத்து எடுத்து அனுப்புங்கள் அண்ணி, இங்கே எல்லோருக்கும் அந்த மாதிரி முகம் ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், கையொப்பத்துக்கும் கீழே, இடமில்லாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறாய்: "அம்மா கை வச்சா வச்சுக்கட்டும் அண்ணி, நான் வரும்போது மறுபடி வரைஞ்சு குடுக்கிறேன்."

நான் கேட்ட ஒரு வரி வந்துவிட்டது. அக்டோபரில் கேட்டேன், ஜனவரியில் வந்திருக்கிறது. அதைச் சத்தமாக வாசித்தேன். உன் அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வேறு யாரும் வீட்டில் இல்லை.

உன் அம்மா நவம்பரில் போய்விட்டார்.

இதை உனக்கு எழுதுவது பாவம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இத்தனை பெரியவர்கள் இருக்க, வாழவந்த மருமகள் சாவுச் செய்தியைக் காகிதத்தில் எழுதினாள் என்று நாளைக்கு ஊர் பேசும். அடக்கம் முடிந்த அன்றைக்கே பெரியப்பா எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "கடிதமும் வேண்டாம், தந்தியும் வேண்டாம். காகிதத்துக்குக் கண்ணு கிடையாது. படிக்கிறவ நிக்கிறாளா, உக்காந்திருக்காளா, பக்கத்துல தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கான்னு அதுக்குத் தெரியாது. அவ வரட்டும். தண்ணி குடுத்து, உக்காரவச்சு, நாலு கதை சொல்லி, நானே மெதுவா சொல்றேன்" என்றார். நம் வழக்கம் அது, சரியான வழக்கம்தான். டிசம்பரில் அவர் என் பின்னால் நின்று சொல்லச் சொல்ல நான் அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன். உன்னைத் தாங்கள் என்று எழுதினேனே, அப்போதாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா? என்னுடைய ஒரு கடிதத்தில் ஒரு குத்தல்கூட இல்லையென்றால் இந்த வீட்டில் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று உனக்குத் தோன்றவில்லையா? உனக்குக் கண்காட்சி தோன்றியது.

செத்துப்போனவளை வெல்வெட் போட்டு நிற்க வைக்கச் சொல்லிக் கேட்கிற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு பொய் எழுத என்னால் ஆகவில்லை. வழக்கம் உன்மேல் இரக்கம் வைத்திருக்கிறது. என்மேல் வைக்கவில்லை.

எப்படி என்று கேட்பாய், சொல்லிவிடுகிறேன். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தார். வெந்நீர்க் குழாயில் அன்றைக்கு நீர் வந்தது, அதனால் நீராவி. கதவைத் திறந்து வைத்தார். நான் தேநீருக்கு நீர் வைத்துக்கொண்டிருந்தேன். வலது காலைக் கழுவியாயிற்று. இடது காலைத் தூக்கினார். கை சுவருக்குப் போனது. பூவுக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடுங்க அத்தை என்று கத்தினேன், அல்லது கத்தியதாக நினைத்துக்கொண்டேன். அவர் தொடவில்லை. நாங்கள் கட்டிய மேடையின் விளிம்பில் தலை பட்டது.

நான் ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். "சுவத்துல ஒண்ணும் படலையே?" என்றார். ஒன்றும் படவில்லை என்று சொன்னேன். உண்மைதான், உன் பூவில் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இத்தனை கஷ்டப்பட்டுக் கட்டிய குளியலறையில் அவருடைய கடைசிக் குளியல் நடக்கவில்லை. மய்யித்தைக் கூடத்தில் பலகையில் கிடத்தி, கெண்டியால் நீர் ஊற்றிக் குளிப்பாட்டினோம். தலைமாட்டில் மகள் நிற்க வேண்டும். எர்னா நீர் எடுத்துக் கொடுத்தாள், நான் தலைமாட்டில் நின்றேன். வாசலில் ஆட்கள் வந்தபோது ஒப்பாரி பாட மகள் வேண்டும். நான் பாடினேன். எனக்கு என்ன குரல் என்று உனக்குத் தெரியும், காக்கைகூட எழுந்து போகும். என் அம்மாவே என்று பாடவேண்டிய இடம் வந்தது. உன் இடத்தில் நின்றுகொண்டு உன் வார்த்தையைப் பாடுகிறேன் என்ற எண்ணம் வந்து என்னைக் குத்தியது. கடைசிவரை பாடினேன். உனக்காகப் பாடவில்லை.

நான் கொடுமைக்காரி என்று சொல், சொல்லிக்கொள். ஒவ்வொரு டைல்ஸாக நான்தான் பதித்தேன், மட்டம் பார்த்துப் பதித்தேன், அதையும் சொல்லிக்கொள். உன் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தனக்கே வேண்டிய கம்பியை அத்தையும் உன் பூவுக்காக வேண்டாம் என்றார். எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம். ஆனால் நீ ஒருத்தி மட்டும்தான் இதற்காக ஒரு மேசை போட்டு உட்காரப்போகிறாய்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் ஆட்களெல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு, உன் அண்ணன் பால்கனிக்குப் போனார். முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்து வந்தார். எர்னாவின் வீட்டுக்காரரிடம் டிரில் மிஷின் வாங்கி வந்தார். நாலு ஓட்டை போட்டார், எல்லாம் பூவின் மேல்தான். மேலே இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன, சிவப்புச் சாயம் பொடியாக என் தலையில் கொட்டியது. நான் கீழே நின்று தூசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பியை மாட்டி முறுக்கிவிட்டு அந்தப் பெரிய மனிதர் இரண்டு கையாலும் அதில் தொங்கினார். முழு எடையோடு தொங்கினார். கம்பி அசையவில்லை. அவர் அப்படியே தொங்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலை நான் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. பூ இருக்கிறது, குறுக்கே பேருந்துக் கம்பி இருக்கிறது, முக்காலியைப் பால்கனியிலிருந்து கொண்டுவந்து அதன் இடத்தில் போட்டிருக்கிறேன். நிற்க வேண்டியவர்தான் இல்லை. வேண்டுமென்றால் மேசையில் வை. யார் கேட்டாலும் இது என் அம்மாவுக்காக வரைந்தது என்று சொல், பொய்யில்லை.

அந்த வெல்வெட் மேல்சட்டையை, அத்தையைக் குளிப்பாட்டிய பெண்களில் மூத்தவருக்குக் கொடுத்தாயிற்று, கொடுக்கவேண்டிய முறை. தங்கத் தோடு என்னிடம் இருக்கிறது. உன்னுடையது. தபாலில் அனுப்பமாட்டேன்.

இனி உன் பெயரை எழுதப்போகிறேன். உன் அம்மா இருந்தவரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட இந்த வீட்டில் யாரும் இல்லை, உன் அண்ணனுக்கோ வாய் கிடையாது. யாராவது கூப்பிட வேண்டாமா.

சவ்லே, வீட்டுக்கு வா. கண்காட்சியை முடித்துவிட்டுத்தான் வருவாய் என்றால் முடித்துவிட்டு வா, அம்மாவின் வருஷ நினைவு விருந்துக்குத்தான் வருவாய் என்றால் அப்போது வா, ஆனால் வா. பெரியப்பா உன்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொல்வார். ஏற்கெனவே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அந்தக் கிழவருக்கு அந்த ஒரு வேலைதான் பாக்கி. வாசலிலிருந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டு நீ வரும்போது நான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கு இப்போது வார்த்தையெல்லாம் மனப்பாடம்.

படிக்கட்டில் பனி இறுகிக் கிடக்கும், பார்த்து ஏறு. உன் கால் எந்த ஊரிலும் வழுக்காமல் இருக்கட்டும். அழுது முடித்து முகம் கழுவப் போவாய். சாயம் உரிந்திருக்கும், அதைப் பார்க்காதே. கம்பியைப் பிடித்துக்கொள். நன்றாகத் தாங்குகிறது.

உன் அண்ணி,
கம்ஷாத்